பாட்டு எழுதியவருக்குப் பணம் போய்ச் சேரும் வழி

சொந்தமாகப் பாட்டு வெளியிடும் மலேசியத் தமிழ்ப் பாடகர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "கவர் பாட்டுக்கு யாருகிட்ட போயி பெர்மிஷன் கேட்கிறது?" என்றுதான். கவர் என்றால் பிறர் பாட்டை நாம் புதிதாகப் பாடிப் பதிவு செய்வது. எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது. அந்த வரிசை சரிதான். ஐந்து பாட்டுகளைக் கோலாலம்பூரில் பதிவு செய்து, இணையத்திலும் சிடியிலும் முறைப்படி வெளியிட்டவன் என்ற வகையில் சொல்கிறேன்: பாட்டு எழுதியவருக்கான பங்கை, அதாவது ராயல்டியை, கொடுப்பது பெரிய சுமை இல்லை. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் யார், எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்தத் தேடலைத் தொடங்கிவிட வேண்டும்.

செந்தூல் கல்யாண மண்டபங்களிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் உணவகங்களிலும் பிறர் பாட்டைப் பாடித்தான் நான் வளர்ந்தேன். இங்கே மேடையேறும் எல்லாரும் அப்படித்தான். 2017இல், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன செய்தி வந்ததும், நம் ஊர் வாத்தியக் குழுக்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. "பாடினவரே பாடக்கூடாதா?" என்று கோபப்பட்டவர்கள் பலர். பாடியவர் வேறு, பாட்டுக்கு உரியவர் வேறு என்பது பலருடைய காதில் அன்றைக்குத்தான் முதலில் விழுந்தது. அந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் பேசப்போவதில்லை. ஆனால் அந்த வாக்குவாதம் நல்லது செய்தது. பாட்டை எழுதி வைத்துவிட்டுப் போனவர்களைப் பற்றி நாங்கள் பேசத் தொடங்கினோம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டின் உரிமை ஒன்று. அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. துறையில் இதை மாஸ்டர் என்பார்கள். நிலம் ஒருவர் பெயரில், அதன்மேல் கட்டிய வீடு இன்னொருவர் பெயரில் இருப்பதைப் போல. கவர் பாடும்போது நாம் புதிதாக ஒரு வீடு கட்டுகிறோம். அந்தப் புதிய பதிவு நம்முடையது. அதனால் பழைய பதிவை வைத்திருக்கும் கம்பெனியிடம் மாஸ்டருக்காக எதுவும் கேட்க வேண்டியதில்லை. நிலத்துக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இங்கே நம் பாடகர்களில் பலர் சிக்கிக்கொள்வது மைனஸ் ஒன் டிராக்கில். இணையத்தில் இறக்கிய கரோக்கி இசைக்கு மேல் பாடி வெளியிட்டால் அது முழுக்க நம் பதிவாகாது. அந்த இசையை வாசித்துப் பதிவு செய்தவருக்கும் அதில் மாஸ்டர் உரிமை உண்டு. பாட்டு எழுதியவரிடம் அனுமதி வாங்கியிருந்தாலும் டிராக்கை உருவாக்கியவரின் அனுமதி தனியாக வேண்டும். கையில் பணம் குறைவு என்றால் ஒரே ஒரு கிட்டாரை வைத்துப் பாடிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதில் டிராக்குக்காக யாருக்கும் பாக்கி இல்லை, பாட்டும் நன்றாக நிற்கும்.

என் தொகுப்பில் இரண்டு தமிழ்த் திரைப்பாடல்கள், ஓர் ஆங்கிலப் பாட்டு, ஒரு பாரதி பாடல், நம் நாட்டுக் கலைஞர்கள் 80களின் கடைசியில் கேசட்டில் வெளியிட்ட ஒரு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய வாசல் வேறு.

திரைப்பாடலில், இசையமைப்பாளரைத் தேடி ஓடுவதில் பெரும்பாலும் பயன் இல்லை. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதவைத்த பாட்டுக்கு அவரே முதல் உரிமையாளர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் சொன்னது. தயாரிப்பாளர்கள் அந்த உரிமையை இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பழைய எச்.எம்.வி. பாடல்கள் இன்று சரிகம நிறுவனத்திடம் இருப்பது இப்படித்தான். 2012இல் வந்த சட்டத் திருத்தம் நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது. படத்தைத் திரையரங்கில் காட்டுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இனி யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அந்தப் பங்கை ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் வசூலித்துப் பிரிக்கிறது. எனக்கு இது மனநிறைவு தந்த செய்தி. கம்பெனியிடம் லைசென்ஸ் வாங்கினால் எழுதியவருக்கு ஒன்றும் போகாது என்ற பழைய பேச்சு இப்போது அப்படியே பொருந்தாது.

அதே திருத்தத்தில் கவர் பாடல்களுக்கென்றே 31சி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அசல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் போன பிறகு, உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, ராயல்டியை முன்கூட்டியே கட்டிக் கவர் பதிவு வெளியிடலாம். இதைப் படித்துவிட்டு, "சட்டமே வழி விடுதே" என்று சிலர் துள்ளுகிறார்கள். முழுதாகப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு பாட்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும், வரியையோ மெட்டையோ தேவைக்கு மேல் மாற்றக்கூடாது. அதுவும் இந்தியச் சட்டம், இந்தியாவில் விற்பதற்கு. சில நூறு சிடி அடிக்கும் கோலாலம்பூர்ப் பாடகருக்கு அது எட்டாத இடம். நமக்கு உள்ளது நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்கும் வழிதான்.

யாருக்கு எழுதுவது என்று தெரிய, அந்தப் பாட்டின் அதிகாரபூர்வ யூடியூப் பதிவின் விவரப் பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தக் கம்பெனி யூடியூபுக்கு உரிமம் கொடுத்தது, பாட்டின் உரிமைக்கு எந்தச் சங்கங்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். ஸ்பாட்டிஃபையில் பாடலின் கிரெடிட்ஸ் பகுதியில் எழுதியவர் பெயர் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்ட பிறகு கம்பெனியின் லைசென்ஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "சார், நான் மலேசியா பாடகன், உங்கள் பாட்டைப் பாட ஆசை" என்று தொடங்கும் கடிதத்துக்குப் பதில் வராது. பாட்டின் பெயர், படம், ஆண்டு, எழுதியவர்கள், எத்தனை சிடி, என்ன விலை, இணையத்தில் எந்தெந்தச் சேவை, எந்த நாடுகள், எத்தனை ஆண்டு, வரி மாற்றம் உண்டா இல்லையா, வீடியோ உண்டா இல்லையா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதிய கடிதத்துக்கு ஒரு கம்பெனி படிவமும் கட்டண விவரமும் அனுப்பியது. இன்னொரு கம்பெனியிடமிருந்து, திரும்பத் திரும்ப நினைவூட்டியும், ஒரு வரி வரவில்லை. அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டை எடுத்தேன். "பதில் வரலன்னா போட்டுற வேண்டியதுதான், யாரு பார்க்கப் போறா" என்று சொன்ன நண்பர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை மற்றொன்று காக்கும் பெர்ன் உடன்படிக்கையில் மலேசியா 1990 முதல் இருக்கிறது. இந்தியாவில் எழுதிய பாட்டுக்கு இங்கேயும் முழுப் பாதுகாப்பு உண்டு.

பாரதி பாடலில் வேறு வகைக் கவனம் தேவை. பாரதி 1921இல் மறைந்தார். அவர் எழுத்துகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டு, பிறகு பொதுமக்களுக்கே விட்டுவிட்டது. ஆக, வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் நம் மனத்தில் ஓடும் மெட்டு பாரதி போட்டதாக இருக்காது. பெரும்பாலும் ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்டதாக இருக்கும். அந்த மெட்டுக்கு உரிமை உண்டு. மெட்டு போட்டவர் மறைந்து இந்தியாவில் 60 ஆண்டு, மலேசியாவில் 50 ஆண்டு வரை அது நீடிக்கும். நான் புதிய மெட்டு போட்டுப் பாடினேன். தியாகராஜர் கீர்த்தனைகளை எடுக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்கிறேன். கீர்த்தனை யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் ஒரு நவீனக் குழு அதற்கென்று அமைத்த தனி இசைக்கோர்வையை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலப் பாட்டில் எனக்குச் சிரமம் குறைவாக இருந்தது. அமெரிக்காவில் 1909 முதலே கட்டாய உரிமம் என்ற ஏற்பாடு உண்டு. ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், சட்டம் சொல்லும் கட்டணத்தைக் கட்டி எவரும் அதைக் கவர் செய்யலாம், எழுதியவர் மறுக்க முடியாது. மெட்டின் அடிப்படையை மட்டும் மாற்றக்கூடாது. அந்தக் கட்டணம்தான் மெக்கானிக்கல் ராயல்டி. சிடிக்கும் டவுன்லோடுக்கும் 2006 முதல் 2022 வரை பிரதிக்கு 9.1 சென்ட்டாகவே நின்றிருந்தது. 2023இல் 12 சென்ட் ஆயிற்று. அதிலிருந்து விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். ஸ்ட்ரீமிங் சேவைகள் எழுதியவர் பங்கைத் தாங்களே கட்டிவிடுகின்றன. அமெரிக்காவில் அது 2021 முதல் எம்.எல்.சி. என்ற அமைப்பு வழியாகப் போகிறது. அதனால் நம் தலையில் விழுவது டவுன்லோடும் சிடியும்தான். டவுன்லோடுக்கு, நம் பாட்டை இணையச் சேவைகளுக்கு அனுப்பிவைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரே வழி வைத்திருக்கலாம். டிஸ்ட்ரோகிட் என்ற டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு கவர் பாட்டுக்கு ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த உரிமத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதெல்லாம் அமெரிக்காவில் விற்பதற்கு மட்டும். மலேசியாவில் சிடி அடிக்க அந்தப் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷரிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதால், ஆங்கிலப் பாட்டை இணையத்தோடு நிறுத்தி, சிடியில் மற்ற நான்கை மட்டும் சேர்த்தேன்.

இனி, எனக்கு மிக முக்கியமான பாட்டுக்கு வருகிறேன்.

நம் நாட்டுத் தமிழ்ப் பாட்டுகள் கேசட் காலத்தில் ஏராளமாக வந்தன. தோட்டத்து வாழ்க்கையைப் பாடியவை, கோயில் பாட்டுகள், காதல் பாட்டுகள். வானொலியில் ஒலித்தன, மஸ்ஜித் இந்தியா சாலைக் கடைகளில் விற்றன. பிறகு கேசட் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. பாட்டுகள் இன்றும் நினைவில் இருக்கின்றன, சில யூடியூப்பில் யாரோ ஏற்றியதாகவும் கிடைக்கின்றன. எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. எனக்குக் கிடைத்த கேசட் அட்டையில் பாடலாசிரியருக்கு ஒரு புனைபெயர், இசையமைப்பாளருக்கு ஒரு முன்னெழுத்தும் பெயரும். கம்பெனியின் தொலைபேசி எண் என்றைக்கோ செத்துப்போனது.

இந்த மாதிரி இடத்தில் இணையம் உதவாது. ஆட்களைத்தான் கேட்க வேண்டும். பழைய கல்யாணக் குழுவில் கீபோர்டு வாசித்த ஓர் அண்ணன், வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் என்னை அனுப்பினார். அவர் இன்னொருவரைக் கைகாட்டினார். கடைசியில் இசையமைப்பாளர் ஈப்போவில் இருக்கிறார் என்று தெரிந்தது. பாடலாசிரியர் 90களிலேயே காலமாகிவிட்டார், மகள் கிள்ளானில். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு ஆகாததால் வரிகளின் உரிமை உயிரோடுதான் இருக்கிறது, குடும்பத்துக்கு உரியது.

ஈப்போவுக்குப் போனபோது நான் அந்த இசையமைப்பாளர் அங்கிளிடம் முதலில் கேட்டது, "இந்தப் பாட்டை யாராச்சும் காசு கொடுத்து எழுதச் சொன்னாங்களா, நீங்களா எழுதினீங்களா?" என்றுதான். இந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன படைப்பு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எழுதச் சொன்னவருக்கே உரியது என்று நம்முடைய 1987 பதிப்புரிமைச் சட்டம் கருதுகிறது. அப்படியானால் மூடிப்போன கம்பெனியின் உரிமையாளரைத் தேட வேண்டியிருக்கும். அங்கிள் சொன்னார்: "யாரும் கேட்கல தம்பி. நாங்க ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு வந்து ராத்திரியில உட்கார்ந்து போட்டது. ரெக்கார்டிங்குக்கும் நாங்களே காசு போட்டோம். கம்பெனி காப்பி எடுத்து வித்தது." எழுத்தில் ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா என்றால் இல்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக, பாட்டு இன்னும் அந்த இருவருடையதுதான்.

"இத்தனை வருஷத்துல இந்தப் பாட்டுக்குன்னு யாரும் வந்து கேட்டதில்ல. பாடினாங்க, கைதட்டினாங்க, அவ்வளவுதான்" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை. நூற்றுக்கணக்கான கல்யாணங்களில் பாடிய பாட்டு அது.

பாடலாசிரியரின் மகளான கிள்ளான் அக்கா வேறு மாதிரி. "அப்பா பேரைச் சரியாப் போடுங்க தம்பி, அது போதும். காசெல்லாம் வேணாம்." நம் மக்களிடம் இந்தப் பெருந்தன்மை நிறைய உண்டு, அதைக் கேட்டதும் சந்தோஷமாகக் கிளம்பிவிடும் பாடகர்களும் உண்டு. பெயரும் போட வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்றைக்கு அக்கா வேண்டாம் என்று சொல்வது என் சிறிய தொகுப்பை நினைத்து. நாளைக்கு அதே பாட்டை ஒரு விளம்பரத்துக்கோ படத்துக்கோ யாராவது கேட்டால், "முன்னாடி சும்மாதானே கொடுத்தீங்க" என்று அவரை மடக்க என் காகிதம் காரணமாகிவிடக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பிரிட்டனில் சிடிக்கு, கடைக்குப் போகும் விலையில் 8.5 விழுக்காடு எல்லாப் பாட்டுகளுக்கும் சேர்த்து எழுதியவர்களுக்குப் போகிறது. அதை எடுத்துக்கொண்டேன். என் சிடி கடைக்கு 20 வெள்ளி, அதாவது ரிங்கிட். அதில் 8.5 விழுக்காடு 1 வெள்ளி 70 சென். நான்கு பாட்டுக்குப் பிரித்தால் ஒரு பாட்டுக்கு 42.5 சென். 300 சிடிக்கு 127 வெள்ளி 50 சென். பெரும்பாலான சிடிகளை நிகழ்ச்சிகளில் நானே முழு விலைக்கு விற்பேன் என்பதால் அதை 300 வெள்ளியாக்கி, இசைக்குப் பாதி வரிக்குப் பாதி என்று முன்பணமாகக் கொடுத்தேன். மறுபடி சிடி அடித்தால் மறுபடி கணக்கு. இந்தத் தொகையைப் பார்த்த பிறகும் "எழுதினவங்களுக்குக் கொடுக்க எங்க வசதி?" என்று கேட்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மணிநேர ஸ்டூடியோ வாடகையோடு வைத்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கத்தில் எழுதினோம். பாட்டின் பெயர், எழுதியவர்கள், ஆளுக்கு எத்தனை பங்கு, எத்தனை சிடி, எந்தச் சேவைகள், எத்தனை ஆண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, சிடி அட்டையிலும் இணையத்திலும் பெயர் எப்படி வர வேண்டும், விளம்பரமோ படமோ இதில் சேராது என்ற வரி. பாட்டின் உரிமை அவர்களிடமே இருக்கிறது, எனக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான் என்பதை முதல் வரியாகவே போட்டேன். வயதானவர்கள் எதையோ எழுதிக் கொடுத்துவிட்டோமோ என்று பயப்படக்கூடாது. 10 ரிங்கிட் முத்திரை வரி கட்டி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

என் நண்பன் நடுவில் ஒரு ராப் பகுதி சேர்க்க ஆசைப்பட்டான். நம் ஊரில் இது சகஜம். பழைய பாட்டுக்கு நடுவே பத்து வரி ராப். ஆனால் அது கவர் இல்லை, பாட்டை மாற்றி அமைப்பது. மலாய் வரிகள் போடுவதும், இரண்டு பாட்டை இணைப்பதும் அப்படித்தான். இதற்குத் தனி அனுமதி வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் விற்கும் உரிமம் இதற்குச் செல்லாது. ராப் வரிகளை எழுதி அக்காவுக்கு அனுப்பினோம். ஒரு வரியை அப்பா எழுதியிருக்க மாட்டார் என்றார். அந்த வரியை மாற்றினோம். பாட்டு அதனால் நன்றாகத்தான் வந்தது.

இதில் சிடி பணத்தைவிடப் பெரியது ஸ்ட்ரீமிங்கில் எழுதியவருக்கு ஒதுங்கும் பங்கு. என் கணக்குக்கு வருவது பதிவுக்கான பங்குதான். பாட்டுக்கான பங்கைச் சேவைகள் சங்கங்களுக்கும் பப்ளிஷர்களுக்கும் தனியாகக் கட்டுகின்றன. எந்தச் சங்கத்திலும் பெயர் பதியாதவருக்கு அது எப்படிப் போகும்? 2021 பிப்ரவரியில், உரியவர் யாரென்று பொருத்த முடியாமல் கிடந்த பழைய ராயல்டி என்று ஸ்ட்ரீமிங் சேவைகள் அந்த அமெரிக்க எம்.எல்.சி.யிடம் ஒப்படைத்த தொகை சுமார் 42.4 கோடி டாலர். அதில் எத்தனை பேருடைய உழைப்பு தூங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பப்ளிஷர்களுக்கான சங்கம் எம்.ஏ.சி.பி.; 1989இல் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கம்பெனிகளுக்குப் பி.பி.எம்., பாடகர் வாத்தியக்காரர்களுக்கு ஆர்.பி.எம். என்று தனித்தனியாக இருக்கின்றன. அங்கிளை எம்.ஏ.சி.பி.யில் சேரச் சொன்னேன், படிவம் நிரப்பக் கூட உட்கார்ந்தேன். அக்காவுக்கு வாரிசு ஆவணங்கள் தேவைப்படுகின்றன. இறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயருக்கும் கேசட்டில் இருக்கும் புனைபெயருக்கும் ஒரே ஆள்தான் என்று காட்ட வேண்டும். பழைய கையெழுத்துப் பிரதிகள், பத்திரிகையில் வந்த படம் எல்லாம் இப்போது பயன்படுகின்றன. உயிரோடு இருக்கும் நம் பாடலாசிரியர்கள் இந்த வேலையைத் தாங்களே முடித்துவைத்தால் பிள்ளைகளுக்கு இவ்வளவு அலைச்சல் இருக்காது. இசையமைப்புக்கு வரும் ராயல்டியில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு இருப்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். வரிக்குப் பயந்து பதியாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் தளத்தில் ஏற்றும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர் கட்டங்களில் முழுப் பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். அந்தக் கட்டத்தில் சொந்தப் பெயரைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பிறர் கூலியை நம் பெயரில் எழுதுவது. பாட்டின் தலைப்பில் அசல் பாடகர் பெயரைச் சேர்க்காதீர்கள், தளங்கள் ஏற்காது. ஐ.எஸ்.ஆர்.சி. எண் நம் பதிவுக்கு, ஐ.எஸ்.டபிள்யூ.சி. எண் பாட்டுக்கு. இரண்டும் இணைந்தால்தான் பணம் வழி தவறாமல் போகும்.

யூடியூப் பற்றிச் சுருக்கமாக. பாட்டோடு காட்சி சேர்ந்தால் அது சிங்க் உரிமை, மெக்கானிக்கல் உரிமம் அதை மூடாது. நடைமுறையில் பெரிய பப்ளிஷர்கள் யூடியூபோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். யூடியூபின் தானியங்கி அடையாளக் கருவியான கன்டென்ட் ஐடி, நம் குரலில் இருந்தும் மெட்டை அடையாளம் கண்டு கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை, போடும். பயந்துபோய் வீடியோவை அழிக்க வேண்டாம். கிளெய்ம் என்பது ஸ்ட்ரைக் எனும் தண்டனைக் குறி அல்ல. பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரப் பணம் எழுதியவர் பக்கம் போகும். பார்ட்னர் திட்டத்தில் இருந்தால் சில கவர்களுக்குப் பங்கும் கிடைக்கும். போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது என்று விட்டுவிடுகிறேன். அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் வருமானத்தில் 30 விழுக்காடு வரை வரி பிடிப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதைக் குறைக்கும் வரி ஒப்பந்தம் இல்லை.

வரி என்றதும் நம்மவர்கள் கவனிக்காத இன்னொன்று. மலேசியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராயல்டி கட்டினால், அதில் 10 விழுக்காட்டைப் பிடித்து நாமே வருமான வரி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். சென்னைக் கம்பெனிக்கு 1,000 வெள்ளி என்றால் அவர்களுக்கு 900, வாரியத்துக்கு 100. சிபி37 படிவம், ஒரு மாதத்துக்குள். தாமதமானால் கட்டாத தொகைமேல் 10 விழுக்காடு கூடும். லைசென்ஸ் கடிதத்தில் "வரி நீங்கலாக 1,000" என்று எழுதியிருந்தால் அந்த வரியும் நம் கைக்காசு. கையெழுத்துக்கு முன் அந்த வாசகத்தைத் தேடிப் படியுங்கள்.

மேடை நிகழ்ச்சிக்கு வேறு ஏற்பாடு. அங்கே தேவைப்படுவது பொது நிகழ்த்தல் உரிமம். அதை எம்.ஏ.சி.பி.யிடம் எடுக்க வேண்டியவர் வழக்கமாக மண்டபத்துக்காரர் அல்லது ஏற்பாட்டாளர். ஒப்பந்தம் பேசும்போதே உரிமம் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டு, பதிலை வாட்சாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாடிய பாட்டுகளின் பட்டியலை ஏற்பாட்டாளர் வழியாகச் சங்கத்துக்குக் கொடுங்கள். சினிமாப் பாட்டுகளுக்குப் பட்டியல் இல்லாவிட்டாலும் யாராவது கேட்பார்கள். நம் உள்ளூர்ப் பாட்டு அன்றிரவு பாடப்பட்டது என்பதற்குப் பல நேரம் அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. நான் பாட்டின் பெயருக்கு எதிரே வரி யாருடையது, இசை யாருடையது என்று இரண்டு பத்திகள் போட்டு, பாடுவதற்கு முன்பே நிரப்பி எடுத்துக்கொண்டு போகிறேன். பெயர் தெரியாத பாட்டு இருந்தால் குழுவில் மூத்தவரைக் கேட்கிறேன். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.